பள்ளித் தோட்டம் மே மாதத்தில் ஏன் சாகிறது?

சென்னையில் பள்ளித் தோட்டம் போடுவது சுலபம். ஒரு சனிக்கிழமை, இருபது தன்னார்வலர்கள், முப்பது செடிப்பைகள், ஒரு பேனர். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். அதே இடத்துக்கு அடுத்த ஜூனில் போனால் வெயிலில் பொடிந்த பைகள் கிடக்கும், மண் கல்லாக இறுகியிருக்கும், பேனர் மட்டும் யாரோ புண்ணியவான் தயவில் சைக்கிள் ஷெட்டுக்கு மறைப்பாகியிருக்கும். நீடித்த உணவு, உணவுக் கல்வி என்று இயங்கும் தொண்டு நிறுவனங்களின் தலைவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் தொடக்க விழாப் படங்களைப் பார்த்துப் பயனில்லை. ஜூன் இரண்டாம் வாரம் பள்ளிக்குப் போக வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மண்ணோடும் குழந்தைகளோடும் கழியும் வேலை. உள்ளே வந்தவர்களுக்குத்தான் தெரியும், இது காலண்டரோடு மல்லுக்கட்டும் வேலை. மழைக்கு ஒரு காலண்டர், பள்ளிக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று.

சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குக் கொடுக்கும் நிதி, பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான் அசைகிறது. பணம் கைக்கு வரும்போது பள்ளியில் தேர்வு. செலவுக் கணக்கு காட்ட வேண்டுமே என்று அவசரமாகச் செடி வைத்தால் அடுத்து விடுமுறை, விடுமுறையில் கத்திரி வெயில். தோட்டம் சாவதற்குத் தனியாக ஒரு நோய் தேவையே இல்லை.

ஆகவே தேர்ந்த நிறுவனங்கள் பள்ளி ஆண்டை இரண்டு குறும்பருவங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. பள்ளி திறந்து வருகைப் பதிவேடு நிலைப்பட்டதும், ஜூன் கடைசியில் மண் தயாரிப்பு. ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. வெண்டை விதைத்து 45 நாளில் முதல் காய் தரும். காலாண்டுத் தேர்வுக்குள் பிள்ளைகள் நான்கைந்து முறை பறித்துவிடலாம். அக்டோபர் நடுவிலிருந்து பொங்கல் வரை தோட்டத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்பது, அடித்துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுப்பது, கம்போஸ்ட் குழிக்கு மூடி போடுவது ஆகியவைதான் அப்போதைய வேலை. புயலும் வெள்ளமும் பள்ளியை வாரக்கணக்கில் மூடவைக்கும் ஊர் இது; 2015-உம் 2023-உம் மறந்துவிடவில்லை. பொங்கல் முடிந்ததும் தைப்பட்டம்: 25 நாளில் வேரோடு பிடுங்கும் சிறுகீரை, முளைக்கீரை, 45 நாளில் முள்ளங்கி. மார்ச் நடுவில் எல்லாம் சட்டிக்குப் போய்விட வேண்டும்.

கத்திரி, தக்காளி இரண்டும் நாற்றங்காலில் 25 முதல் 30 நாள், பறித்து நட்டபின் இன்னும் இரண்டு மாதம் என்று இழுக்கும். பிள்ளைகளுக்குத் தக்காளிமேல்தான் ஆசை. ஒரு பையில் வைக்கலாம், முப்பது பையிலும் வைக்கக் கூடாது.

ஏப்ரலில் மூடும் கலை

மே மாதத்தைத் தாண்டப் பலரும் முதலில் யோசிப்பது சொட்டுநீர். முப்பது பைக்கு, பைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 45 லிட்டர். 200 லிட்டர் டிரம் நான்கு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் யாராவது வந்து நிரப்பியாக வேண்டும். கேட் சாவி யாரிடம், மோட்டார் சுவிட்ச் எந்த அறையில், அந்த அறையின் சாவி யாரிடம் என்று போய், கடைசியில் காவலாளியின் நல்ல மனதை நம்பி நிற்க வேண்டியிருக்கும். பல மாநகராட்சிப் பள்ளிகளில் தேர்தல், பயிற்சி வகுப்பு என்று விடுமுறையிலும் வளாகத்தை வேறு யாரோ பயன்படுத்துவார்கள். சொட்டுநீர்க் குழாய் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

இதைவிட நல்ல வழி தோட்டத்தை நாமே மூடிவிடுவது. ஏப்ரல் இரண்டாம் வாரம் மிச்சச் செடிகளைப் பிடுங்கிக் கம்போஸ்ட் குழியில் போடு. பைகளிலிருக்கும் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி எடு. ஈரம் பரவும்படி தண்ணீர் தெளித்து, அரை அடி உயரத்துக்குப் பரப்பி, மேலே நிறமில்லாத பாலித்தீன் தாளை இழுத்து மூடி, ஓரங்களில் செங்கல் வை. கறுப்புத் தாள் வேண்டாம். ஒளி ஊடுருவும் தாளில்தான் சூடு உள்ளே சிக்கும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே கிடந்தால் நூற்புழு, வாடல் பூஞ்சை, களை விதை எல்லாம் வெந்து குறைந்துபோகும். எந்தக் கத்திரி வெயில் தோட்டத்தைக் கொன்றதோ, அதுவே மண்ணுக்கு வைத்தியம் பார்த்துவிடும். நல்ல நுண்ணுயிர்களும் கூடவே குறையும் என்பதால் ஜூனில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற மூன்று நல்ல நுண்ணுயிர்களையும் மக்கிய கம்போஸ்டில் பிசறி இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துவிட்டு மண்ணில் கலக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளையில் (பை, விதை, உரம் சேர்ந்த தொகுப்பு) இவை சிறு பாக்கெட்டுகளாக வரும். தனியாகவும் வாங்கலாம், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

விடுமுறையிலும் நிற்க வேண்டியவை தரையில் வேர்விட்ட மரங்கள் மட்டுமே: முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, பப்பாளி. பெரியகுளத்தில் உருவான பிகேஎம்-1 முருங்கையை ஜூனில் விதைத்தால் அடுத்த கோடைக்குள் வேர் ஆழமாகப் பிடித்துவிடும். ஆனால் நீர் தேங்கும் இடத்தில் வைத்தால் நவம்பரிலேயே அடிமரம் அழுகிச் சாயும். ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் வைக்க வேண்டும்.

மண் கலவையில் நடக்கும் தவறு பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில் தொடங்குகிறது. 5 கிலோ கட்டியை ஊறவைத்து உதிர்த்த கையோடு பையில் நிரப்பிவிடுகிறார்கள். நார்க்கழிவில் உப்பு அதிகம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடிக்காவிட்டால் இலை ஓரம் கருகும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பு, அதிலேயே அலசினால் அலசியும் பயனில்லை. செம்மண், கழுவிய நார்க்கழிவு, நன்கு மக்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலப்பது கைவந்த கணக்கு. தரையில் செம்மண்ணைக் கூட்டலாம், மாடியில் கூட்டக் கூடாது. கலவை நனைந்தால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. 35 லிட்டர் பை 35 கிலோவுக்கு மேல். ஆள் ஏறும் மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நான்கு பையை நெருக்கி வைத்தாலே அது தீர்ந்துவிடும், பிள்ளைகள் நிற்க இடமில்லை. மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடமாக இருந்தால் மாடி நினைப்பையே விட்டுவிட வேண்டும். ஒரே ஒரு வகுப்பறையில் நீர் கசிந்தாலும் பழி தோட்டத்தின் தலையில்தான் விழும், கசிவு பத்து வருடப் பழையதாக இருந்தாலும்.

தட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள தூரம்

நிதி கேட்டு எழுதும் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு வரி: 'இத்தோட்டம் சத்துணவுக்குத் தேவையான காய்கறியைத் தரும்.' தராது. கணக்குப் பார்க்கலாம். மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய் என்பது மத்திய அரசின் அளவு. 200 பிள்ளைகளுக்குத் தினம் 10 கிலோ. மாதம் 20 வேலைநாள் என்றால் 200 கிலோ. நன்றாகப் பராமரித்த கீரைப்பாத்தி, சதுர மீட்டருக்கு மாதத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ தரும். ஆக 130 முதல் 200 சதுர மீட்டர் பாத்தி வேண்டும், ஒரு பருவமும் தவறாமல். வடசென்னையின் நெருக்கடியான பள்ளிகளில் இறைவணக்கத்துக்கே அவ்வளவு திறந்தவெளி கிடையாது.

முப்பது பைத் தோட்டம் கொடுக்கக் கூடியது மாதத்தில் ஒன்றிரண்டு நாள் சாம்பாரில் கொஞ்சம் கீரை. அதைச் சொல்வதில் வெட்கம் எதற்கு? ஒரு பிள்ளை தான் விதைத்த தண்டுக்கீரையைத் தட்டில் ஒதுக்காமல் தின்கிறதா என்பதுதான் உணவுக் கல்வியின் கேள்வி. மற்றபடி தோட்டம் ஒரு வகுப்பறை, அவ்வளவே. ஈரத்துணியில் 20 வெண்டை விதையை மடித்து வைத்து ஐந்தாம் நாள் பிரித்தால் 16 முளைத்திருக்கும். சதவீதம் அன்றைக்குப் புரிந்துவிடும். முளைக்காத நான்கு ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வியை ஆசிரியர் கேட்பதற்குள் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். இலையில் மஞ்சள் நரம்பு ஓடிய வெண்டைச் செடியைக் காட்டி, வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது, வேப்பெண்ணெய் அடித்தால் ஈ குறையுமே தவிர இந்தச் செடி பிழைக்காது, பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்வது அறிவியல் பாடம். பிடுங்க மனம் வராமல் நாலு பேர் அழுவதும் உண்டு.

இந்த ஊரில் பள்ளியும் சோறும் சேர்ந்த கதை நூறாண்டைத் தாண்டியது. நீதிக்கட்சியின் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல், மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசு மறுத்ததால் 1925-இல் அது நின்றது. உணவு கல்விச் செலவா, இல்லையா? அன்றைய அரசு கேட்ட கேள்வியை இன்றைய நிதி அதிகாரிகளும் கேட்கிறார்கள். பிறகு 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவு என்று அரசே சமைக்கிறது. தொண்டு நிறுவனம் இங்கே சமையல்காரர் ஆக முயல்வது வீண்வேலை. அரசு தட்டில் வைப்பதைப் பிள்ளை தெரிந்து சாப்பிடும்படி செய்வதில்தான் இடம் இருக்கிறது. காலை உணவில் வாரம் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியம் என்பது அரசாணையிலேயே உண்டு. ஆனால் சாமை கிச்சடியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு, சாமை எந்தச் செடியில் விளைகிறது என்று காட்டியவர் யார்?

சமையல் செயல்முறை வகுப்பு வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு வணிகம்' என்று சொல்லும்போது லாப நோக்கமற்ற அமைப்பையும் சேர்த்தே சொல்கிறது. தொடர்ந்து சமைத்துப் பரிமாறினால் பதிவு எடுத்துவிடுவது நல்லது. அடுப்பில்லாச் சமையலில் தொடங்குவது இன்னும் நல்லது: முளைகட்டிய பயறு, துருவிய கேரட், எலுமிச்சை. பயறு முளைகட்டுவதிலும் தவறு நடக்கிறது. ஜூலைப் புழுக்கத்தில் ஈரத்துணியை ஒரு நாளுக்கு மேல் அலசாமல் விட்டால் கொழகொழத்து வாடை வரும். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

கம்போஸ்ட் குழியும் இந்தத் தூரத்தில்தான் சிக்குகிறது. சென்னையில் காலை உணவு பொதுச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் வருகிறது. காய் நறுக்கிய தோல் அங்கேயே தங்கிவிடும், பள்ளிக்கு வருவது தட்டில் மிஞ்சிய பொங்கல்தான். நெய்யும் எண்ணெயும் கலந்த சோற்றைக் குழியில் கொட்டினால் மூன்றாம் நாள் நாற்றம், அடுத்த வாரம் எலி, அதற்கடுத்த வாரம் தலைமையாசிரியரின் தொலைபேசி. மதியச் சமையலின் காய்த்தோல் ஒரு வாளி என்றால் காய்ந்த இலை மூன்று வாளி. கைப்பிடியில் பிழிந்தால் ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்க்கும் ஈரம். வாரம் ஒரு கிளறல். இலை அடையாளம் தெரியாமல் மண் வாசனை வர 45 முதல் 60 நாள். அவசரப்பட்டுப் பாதி மக்கியதைப் பையில் போட்டால் அது அங்கே சூடேறி நாற்றின் வேரைத் தின்னும்.

பணமும் அனுமதியும்

நிறுவனமாகப் பதிவு செய்ய மூன்று வழி: அறக்கட்டளைப் பத்திரம், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரில் இரண்டு பேராவது கணக்கு வழக்கு தெரிந்தவர்களாக இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு திண்டாட்டம். சிஎஸ்ஆர் பணம் வாங்க வருமான வரிப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும், 80ஜி என்று எல்லோரும் சொல்லும் ஒப்புதல், சிஎஸ்ஆர் பணம் பெறப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம் மூன்றும் தேவை. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு. 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய அமைப்பிடம் வாங்கித் தோட்டம் நடத்திய சிறு அமைப்புகளின் ஒரு வழி அதோடு அடைபட்டது.

காலண்டர் சிக்கலுக்குச் சட்டத்திலேயே ஒரு திறவுகோல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கம்பெனியின் இயக்குநர் குழு அந்தப் பணியை ஓராண்டு வேலையாக அல்லாமல் 'தொடர் திட்டமாக' ஒப்புதல் செய்தால், மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போய், அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடப்படலாம். ஒப்பந்தத்தில் அந்த இரண்டு சொல் இருந்தால் ஜனவரிப் பணம் ஜூன் மண்ணுக்கு உதவும். இல்லாவிட்டால் மார்ச் 28 அன்று ஐந்நூறு பை வாங்கி அடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு பழைய தகராறு சம்பளம். பை, விதை, பேனருக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வரும் களப்பணியாளரின் சம்பளத்தை 'நிர்வாகச் செலவு' என்று ஒதுக்குவார்கள். பை படத்தில் தெரியும், ஆள் தெரியமாட்டார். ஆனால் தோட்டத்தை ஓட்டுவது அந்த ஆள்தான். பட்ஜெட்டில் அவரை 'பயிற்றுநர்' என்று திட்டச் செலவிலேயே எழுதுவது தந்திரமல்ல, உண்மை.

அனுமதி மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகையின் கல்வித் துறையிலும், அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும். கடிதம் வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. தலைமையாசிரியர் மாறுவார், ஆர்வமுள்ள அறிவியல் ஆசிரியர் கலந்தாய்வில் போய்விடுவார். இடம் மாறாதவர்கள் பெற்றோர்கள்தாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு அவர்களே. தோட்டத்துக்கான தீர்மானத்தை அந்தக் குழுவின் பதிவேட்டில் எழுதவைத்தால் அடுத்து வரும் தலைமையாசிரியருக்கு அது ஏற்கெனவே நடக்கும் வேலை, புதிய தலைவலி அல்ல.

இந்த வேலைக்கு எப்படி வருகிறார்கள்

தமிழ்நாட்டில் இதற்கென்று படிப்பு கிடையாது. வெளிச்சத்தில் இருக்கும் வாழ்க்கைகளைப் பார்த்தால் மூன்று தடங்கள் தெரிகின்றன. கோ. நம்மாழ்வார் வேளாண் பட்டதாரி. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருட்களை வைத்து ஆய்வு செய்வதில் அர்த்தமில்லை என்று வெளியேறினார். களக்காட்டில் பத்தாண்டு கிராமப் பணி, 1979-இல் 'குடும்பம்' அமைப்பு, கடைசியில் கடவூரில் வானகம் என்ற இயற்கை வேளாண் பயிற்சிப் பண்ணை. பசுமைப் புரட்சியை முன்னெடுத்த எம்.எஸ். சுவாமிநாதன் எதிர்த்திசை. 1987-இல் கிடைத்த முதல் உலக உணவுப் பரிசைக் கொண்டு அடுத்த ஆண்டு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். இன்று தரமணியில் நிற்கிறது. பசுமைப் புரட்சி பற்றி இருவருக்கும் ஒத்த கருத்து கிடையாது. ஆனால் இருவரும் விட்டுச்சென்றது பயிற்சிக் கூடத்தை.

மூன்றாவது தடம் சென்னைக்கு இன்னும் நெருக்கமானது. மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மண்புழு உரத்தையும் மண்புழுக் குளியல் நீரையும் (புழுப் படுக்கையில் ஊற்றி வடித்தெடுக்கும் நீர்) பள்ளிப் பிள்ளைக்கும் விவசாயிக்கும் ஒரே எளிமையில் சொல்லிக்கொடுத்தவர். வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் உங்கள் மண்ணில் இருக்கும் புழுவையே வளருங்கள் என்பது அவர் தொடர்ந்து சொன்னது. ஆசிரியராக இருந்துகொண்டே ஆய்வுக்கென அறக்கட்டளை நடத்துவது இந்த நகரத்தில் பலருக்குச் சாத்தியமான வழி. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நிறுவனம் சம்பளம் தராது என்பதால், கிட்டத்தட்ட ஒரே வழியும்கூட.

களப்பணியாளராக வந்தவர் பயிற்றுநராகி, ஒருங்கிணைப்பாளராகி, தலைவராகும்போது மண்ணை விட்டு விலகி மேசைக்கு வந்துவிடுகிறார். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்க முயல்வதும் ஆபத்து. தானே ஒவ்வொரு பள்ளிக்கும் போகும் தலைவரின் அமைப்பு பத்துப் பள்ளியைத் தாண்டாது. அவர் காய்ச்சலில் படுத்தால் பத்தும் படுக்கும். செய்ய வேண்டியது பள்ளிக்கு ஒரு தடித்த நோட்டு. எந்தப் பையில் எது, என்று விதைத்தது, எத்தனை முளைத்தது, எவ்வளவு பறித்தது, எந்தச் செடி எதனால் செத்தது, தண்ணீர்க் குழாயின் வால்வு எங்கே, சாவி யாரிடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதட்டும், எழுத்துப்பிழையோடு. கடைசிப் பக்கத்தில் ஏப்ரலில் மண்ணைப் பரப்பி மூடிய தேதியும், தாளை எடுக்க வேண்டிய ஜூன் தேதியும், எடுக்கப்போகிற இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும். அந்த இருவரும் எட்டாம் வகுப்புக்கு அதே பள்ளியிலேயே தொடர்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.